கை நடுங்காத ஒரு நாள்

இல்லை, சம்பந்திக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கை நடுங்கியது வேறு காரணத்தால். கம்பெனியில் பாதிப் பேர் இன்றைக்கும் குடி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன மனுஷனைப் பற்றி இனிமேல் பேசி என்ன ஆகப்போகிறது என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் மடியில் பேத்தி கிடக்கிறாள். என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள், வரவில்லை என்று என்னை முறைக்கிறாள். இவள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வயதில் உன் தாத்தா குடிகாரர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவர் என் மருமகளுடைய அப்பா. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தையல் கம்பெனி. நான் வாசல் காவல். கேட்டைத் திறப்பது, மூடுவது, நேரத்துக்குச் சங்கு ஊதுவது. ஊதுவது என்றால் வாயால் இல்லை, சுவரில் இருக்கிற சிவப்புப் பித்தானை அமுக்குவது. அவர் உள்ளே கட்டிங் மாஸ்டர். துணியை நீள மேஜைமேல் அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுக் காகிதத்தை ஒட்டி, நிமிர்ந்து நிற்கிற கத்தி மெஷினை அந்தக் கோட்டின்மேல் தள்ளிக்கொண்டு போவார். கொஞ்சம் விலகினால் போதும், அடியில் இருக்கிற அத்தனை சட்டைக்கும் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இடது கையில் இரும்பு வலையில் செய்த கையுறை போட்டிருப்பார். டீ நேரத்தில் அதைக் கழற்றாமலே வாசலுக்கு வந்துவிடுவார்.

எங்களுக்குள் சம்பந்தம் ஆவதற்கு முன்பிருந்தே கேலி உண்டு.

"கம்பெனிக்கே சங்கு ஊதறவர் உட்கார்ந்திருக்கார், தள்ளியே நில்லுங்கப்பா" என்பார்.

"என் சங்குக்கு யாரும் விரலைக் கொடுத்ததில்ல மாஸ்டர். உங்க கத்திக்குக் கொடுத்திருக்காங்க" என்பேன்.

"அதான் உங்ககிட்ட அதிகம் பயம். கத்தி விரலோட விட்டுடும்."

பெண்சாதி போனபிறகு தனியாக இருந்து ஒரே மகளை வளர்த்தார். அந்தப் பெண் என் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபிறகு, சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டோம். கேலி மட்டும் அப்படியே இருந்தது.

கட்டிங் ரூமில் பஞ்சுத் தூசி எப்போதும் பறக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் காற்றையே திரித்து நூல் எடுக்கலாம் போலிருக்கும். அது அவருடைய நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது. சில வருஷமாகவே இழுப்பு. நீல நிற இன்ஹேலர் ஒன்றை வைத்திருந்தார், அவர் பாஷையில் பம்பு. மூச்சு இறுகினால் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துக்கொள்வார். அடித்த கொஞ்ச நேரத்தில் மார்பு திறந்துவிடும். ஆனால் கூடவே நெஞ்சு படபடவென்று அடிக்கும், விரல்கள் நடுங்கும். நடுக்கம் அடங்குகிறவரை ஜன்னல் பக்கம் நின்றுவிட்டு அப்புறம்தான் கத்தியைத் தொடுவார்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? மனுஷன் அடிக்கடி கழிவறைக்குள் போகிறார், வரும்போது கை நடுங்குகிறது. பாட்டில் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் ஒருநாள் நேராகவே கேட்டார், நானும் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன மாஸ்டர், காலையிலேயேவா?"

"என்ன பண்றது சார், பழகிப்போச்சு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த மேஜையில் அவருக்கு முன்னால் நின்றவருக்கு இழுப்பு வந்தது. ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மேஜையில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். அந்த வேறு ஆள்தான் சம்பந்தி. குடிக்கிறவனைத் திட்டிக்கொண்டே வைத்திருப்பார்கள், இழுப்புக்காரனைத் திட்டக்கூட மாட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

இந்த நிலைமையில் பேத்தி பிறந்தாள். நாள் நிறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். கையளவுதான் இருப்பாள், ஆனால் அழுகை மட்டும் வார்டு முழுக்கக் கேட்டது. என் சங்கு தோற்றுவிடும். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்க்க வந்த ஒருவரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேனாம். என் மகன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

சம்பந்தி வேலை முடிந்து ஓடி வந்தார். படி ஏறியதில் இழுத்திருக்கும், கீழேயே பம்பு அடித்துவிட்டு வந்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அவர் இரண்டு கையையும் நீட்டினார். பத்து விரலும் தனித்தனியாக ஆடின.

என் வீட்டுக்காரி குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தள்ளி நின்னே பாருங்கண்ணா. கோழிக்குஞ்சு மாதிரி இருக்கா. நழுவிட்டா யாரு பதில் சொல்றது?"

"சும்மா தொட்டுப் பார்த்துக்கறேன் தங்கச்சி."

"தொடறதுக்கும் ஒரு நிதானம் வேணும்ல."

நிதானம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டிலில் படுத்திருந்த மருமகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா பம்பு அடிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பம்பு அடித்தால் கை நடுங்கும் என்று தெரியாது. இருமலுக்கு மருந்து, நடுக்கத்துக்குக் காரணம் பாட்டில் என்று அவளும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தான் வீட்டை விட்டு வந்த பிறகு அப்பா தனிமையில் ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்கு நினைப்பு.

அவர் அப்போதே சொல்லியிருக்கலாம், தங்கச்சி இது மருந்தால் வருகிற நடுக்கம் என்று. சொன்னால், மூச்சு நோய்க்காரர் பிஞ்சுக் குழந்தைகிட்ட வரக் கூடாது என்று வேறு விதமாகத் தள்ளி நிறுத்துவார்கள் என்று பயந்திருக்கிறார். என் வீட்டுக்காரியை எனக்குத் தெரியும். அவர் பயந்தது தப்பில்லை.

வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டம்மா சொல்றது சரிதான் சம்பந்தி. நிதானம் வேணும்" என்றார். தன் கையை விரித்துப் பார்த்தார். "அவளை ஒரு தரம் தூக்கிடணும். ஆடாம, அசையாம. அவ்வளவுதான்."

கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறது. ரொம்ப நாள் ஆள், எல்லோருக்கும் அக்கா. தைராய்டு கோளாறால் அதற்கு நெஞ்சு குதிரை மாதிரி ஓடும், கை நடுங்கும், இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க முடியாது. அதன் டாக்டர் படபடப்புக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். போட்டால் எல்லாம் அடங்கிவிடும். சம்பந்தி அதனிடம் போய் நின்றிருக்கிறார். அந்த அக்காவே பின்னால் அழுதுகொண்டு சொன்னது இது.

"அக்கா, நீ ஏதோ மாத்திரை போடறியாமே. கை நிக்குமா?"

"கல்லு மாதிரி நிக்கும். உனக்கெதுக்கு மாஸ்டர்?"

"எனக்கும் படபடப்புதான். கையைப் பாரு."

அக்கா பார்த்திருக்கிறது. சிரித்திருக்கிறது.

"விட்டுட்டியா?"

"எதை?"

"என்கிட்ட என்ன மறைக்கிறே? பேத்தி பொறந்ததும் விட்டுட்டே, அதான் நடுங்குது. விட்டா நடுங்கத்தான் செய்யும். நல்ல காரியம்தான். இந்தா, சாப்பிட்டுட்டு ஒண்ணு போடு."

அவர் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் அக்கா" என்று மட்டும் சொன்னாராம்.

இழுப்பு உனக்கு உண்டா என்று அந்த அக்காவுக்குக் கேட்கத் தெரியாது. கேட்டிருந்தாலும், மேஜை போய்விடுமே என்று பயந்து, இல்லை என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

பேத்தி வீட்டுக்கு வந்த மறுநாள். எங்கள் வீடு கம்பெனியின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரையைப் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கி, கை அடங்கி, கத்தி கோட்டின்மேல் நூல் பிடித்த மாதிரி போயிருக்கிறது. பக்கத்தில் துணி விரிக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். மார்பு லேசாக இறுகுவதைத் தூசி என்று நினைத்திருப்பார். ஒன்றுக்கே கை இப்படி நிற்கிறதே என்று கிளம்பும்போது இன்னொன்றையும் போட்டிருக்கிறார்.

சாயங்காலச் சங்கு ஊதிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அவர் கை கால் கழுவிக்கொண்டு கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க. தளும்பத் தளும்ப."

என் வீட்டுக்காரி கொண்டுவந்தாள். அவர் வலது கையைத் திருப்பி நீட்டி, புறங்கைமேல் டம்ளரை வைக்கச் சொன்னார். வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. தண்ணீரின் மேலே ஒரு அசைவுகூட இல்லை.

"சர்க்கஸ்ல சேர்ந்துட்டீங்களா அண்ணா" என்று என் வீட்டுக்காரி சிரித்தாள். அவளுக்கும் மனசு கேட்காமல் இருந்திருக்கிறது. "உட்காருங்க. உட்கார்ந்து வாங்கிக்குங்க."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் குழந்தையைக் கொடுத்தாள்.

அந்தக் கையை நான் அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், அப்படிப் பார்த்ததில்லை. ஒரு கை தலைக்கு அடியில், ஒரு கை முதுகுக்கு அடியில். நல்ல துணி வந்தால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி குழந்தையின் காது மடலைத் தொட்டுப் பார்த்தார்.

"நூல்கண்டு" என்றார். "ஏய் நூல்கண்டு. தாத்தாடி."

மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "அப்பா, நிஜமாவே விட்டுட்டியாப்பா?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அழுகையை அடக்குகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிடிங்க சம்பந்தி. வாங்கிக்குங்க."

நான் வாங்கிக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தார். எழுந்து வெளியே போனார். குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். சுவரில் சாய்ந்துகொண்டு பம்பை வாயில் வைத்து அடித்தார். மறுபடி அடித்தார். குலுக்கிவிட்டு மறுபடி அடித்தார். கழுத்துக் குழி உள்ளே உள்ளே போனது. உதடு நிறம் மாறியது.

கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பயம் வந்தது.

"படபடக்கல" என்றார். "பம்பு அடிச்சா படபடக்கும். இன்னைக்குப் படபடக்கல."

வாசலில் கிடைத்த ஆட்டோவில் ஏற்றினேன். என் தோளில் சாய்ந்துகொண்டு, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"குடி இல்ல. சம்பந்தி. இந்தப் பம்புதான். கை ஆடுறது."

"பேசாதீங்க, வந்தாச்சு."

"பொண்ணுகிட்ட. சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டிப் புகை மாதிரி மருந்து கொடுத்தார்கள். அது பம்பில் இருக்கிற அதே மருந்து என்றார்கள். ஒன்றும் அசையவில்லை. டாக்டரம்மா சின்ன வயதுதான். இது கேட்காமல் இருக்காதே என்று முணுமுணுத்தவர், என்னைப் பார்த்து, "வேற ஏதாவது மாத்திரை போட்டாரா?" என்றார். எனக்கு என்ன தெரியும்? சம்பந்தி விரலை மட்டும் தூக்கிச் சட்டைப் பையைக் காட்டினார். அட்டையை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா அதைப் படித்த உடனே நர்ஸைக் கூப்பிட்டுப் புகை மருந்தை மாற்றச் சொன்னார், ஊசி சொன்னார். அப்புறம் என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடுவதற்குள் நெஞ்சு ஒரு தரம் நின்றுவிட்டது. திரும்ப ஓட வைத்தார்கள். மூளைக்குக் காற்றுப் போகாத நேரம் கூடிப்போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அதன்பிறகு அவருக்காக மெஷின் மூச்சு விட்டது. கை போர்வைக்கு வெளியே கிடந்தது. கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

டாக்டரம்மா என்னையும் மருமகளையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அவசரம்னா நம்ம உடம்புக்குள்ள ஒரு சத்தம் போகும். அதைக் கேட்கறதுக்கு அங்கங்க காது இருக்கு. இதயம் கேட்டா வேகமா ஓடும். மூச்சுக்குழாய் கேட்டா விரியும். கைத்தசை கேட்டா நடுங்கும். சத்தம் ஒண்ணுதான், இடத்துக்கு இடம் வேலை வேற."

எனக்குப் புரிந்தது. சாயங்காலம் நான் ஒரே சங்குதான் ஊதுகிறேன். கட்டிங்கில் கத்தியை நிறுத்துவார்கள், இஸ்திரியில் நீராவியை அணைப்பார்கள், வேன் டிரைவர் மட்டும் அப்போதுதான் வண்டியைக் கிளப்புவார்.

"அவர் அடிக்கிற இன்ஹேலர் அதே சத்தத்தை மூச்சுக்குழாய்கிட்டப் போய்ப் போடும். கொஞ்சம் கைக்கும் நெஞ்சுக்கும் கேட்டுடும். அதான் நடுக்கம், படபடப்பு. அதனால பெரிய கெடுதல் இல்ல. இந்த மாத்திரை காதை அடைக்கிறது. மாத்திரை கொடுத்தாங்களே, அந்த அம்மாவுக்கு அது சரியான மாத்திரை. நெஞ்சோட காதை மட்டும் பெரும்பாலும் அடைக்கிற மாத்திரையும் இருக்கு. இது அப்படி இல்ல, எல்லாத்தையும் அடைச்சுடும். இழுப்புக்காரங்க போடவே கூடாது. மூச்சுக்குழாய் சுருங்கிடும். அப்புறம் அவர் எத்தனை பம்பு அடிச்சாலும் அதுக்குக் கேட்காது. மூச்சு முட்டுறப்ப உடம்பே அலறும், அதுவும் கேட்காது. நாங்க வேற வழியா மருந்து கொடுத்தோம். நேரம் போதல."

மருமகள் அந்த ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "அப்போ நடுக்கம் மருந்தாலதானா மேடம்? மருந்தாலதானா?"

"ஆமாம்மா."

இஸ்திரி அக்கா வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. மருமகளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டது.

"குடியை விடறாருன்னு நினைச்சேன் கண்ணு. அதுக்குத்தான் கொடுத்தேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்கா" என்றாள் மருமகள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

இனி அந்த மெஷின் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபோது என் மகன்தான் சரி என்றான்.

நான் மறுபடி வேலைக்குப் போன அன்று மேஜையில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். டீ நேரத்தில் வாசலுக்கு வந்தார். மாஸ்டர் குடிச்சே போயிட்டாராமே என்று கேட்டார். நான் அவரை உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். போகும்போது இருமினார்.

என் வீட்டுக்காரி அந்த டம்ளரை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். யாரும் அதில் குடிப்பதில்லை. நிதானம் என்ற வார்த்தையும் அவள் வாயில் வருவதில்லை. குழந்தையை யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறாள், பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட. நான்தான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு அலைகிறேன்.

பேத்தி இப்போது ஆளை அடையாளம் கண்டு சிரிக்கிறாள். வாயில் பல் இல்லை, ஆனால் அந்தச் சிரிப்புக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் சொத்து ஏதுமில்லை என்பதுதான் என் ஒரே வருத்தம். என் மூக்கைப் பிடித்தால் விடுவதில்லை. சங்கு ஊதும்போது எங்கிருந்தாலும் இரண்டு கையையும் விரித்துத் துள்ளுகிறாள் என்று மருமகள் சொல்கிறாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் குருவி மாதிரி அடிக்கிறதாம். இவளுக்கு எல்லாக் காதும் திறந்துதான் இருக்கிறது.

அந்தப் பித்தானை அமுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் அன்றைக்குக் காலையில் வேலைக்கு வந்தது ஞாபகம் வருகிறது. மாத்திரை அட்டை அப்போது அவர் பையில்தான் இருந்திருக்கிறது, இன்னும் ஒன்றும் போட்டிருக்கவில்லை. கையுறையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தவர், நாலு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார். நான் சங்குக்காகக் கையைத் தூக்கி வைத்திருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"சம்பந்தி, இன்னைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா ஊதுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் என் பேத்தி தூங்குறா."